இரண்டு முறை அறுக்கப்பட்ட கித்தார்

வியாழக்கிழமைகளில் எங்கள் தொழிற்சாலையில் கித்தார்களை அறுப்போம்.

மரத்தை அறுத்துக் கித்தார் செய்வதைச் சொல்லவில்லை. அது தினமும் நடப்பது. செய்து முடித்து, மெருகு பூசி, கம்பி மாட்டிய பிறகு ஏதோ ஒரு குறை தெரிந்து ஒதுக்கப்பட்ட கித்தார்களை இடுப்பில் குறுக்கே இரண்டாக அறுத்துப் போடுவதைச் சொல்கிறேன். குறையுள்ள சாமான் வெளியே போய் மலிவாக விற்கப்பட்டால் தங்கள் பெயர் கெட்டுவிடும் என்று வெளிநாட்டுக்காரர்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். நான் கடைசிச் சோதனை மேசையில் இருந்தேன். எந்தக் கித்தார் பெட்டிக்குள் போகும், எதற்குச் சிவப்புத் தாள் ஒட்டப்படும் என்று முடிவு செய்வது நான். வியாழக்கிழமை மத்தியானம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றின் எண்ணையும் வாசித்து, அறுத்தாகிவிட்டது என்று தாளில் குறியிடுவதும் நான்தான். முதல் சில வாரம் கண்ணை மூடிக்கொள்வேன். அப்புறம் பழகிவிட்டது.

இப்போது தம்போயில் ஒரு கடைவீட்டின் மாடியில் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். கீழே காடிகளுக்கு, அதாவது கார்களுக்கு, கண்ணாடித் தாள் ஒட்டுகிறவர்கள். மேலே நான் கித்தார், வயலின், வீணை என்று தந்தி உள்ளதெல்லாம் பழுது பார்க்கிறேன். வருடத்துக்கு இரண்டு மூன்று கித்தார் புதிதாகவும் செய்கிறேன். தொழில் நன்றாகவே போகிறது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி சிம்பாங் ரெங்கத்தில் ஒரு வீட்டின் சமையலறை மேசையில் கற்றுக்கொண்டது. அந்த வீட்டுக்கார அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பல முறை தொடங்கி விட்டுவிட்டேன்.

அக்கா தொழிற்சாலையில் ராவுகிற பகுதியில் இருந்தார். கித்தாரின் கழுத்தில் குறுக்கே வரிசையாக உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். ஃபிரெட் என்போம். பதித்த புதிதில் அவற்றின் முனைகள் மரத்தின் ஓரத்தில் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். வாசிக்கிறவர் கையைக் கிழித்துவிடும். அந்த முனைகளைச் சின்ன அரத்தால் ராவி மழுக்குவதுதான் அக்காவின் வேலை. வலது கையில் அரம், இடது கையில் உறை கிடையாது. ராவி முடித்ததும் வெறும் கட்டைவிரலை மேலிருந்து கீழ் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார். அவர் ராவிய கழுத்தை நான் ஒரு நாளும் திருப்பி அனுப்பியதில்லை.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிறந்தது பாலோ பக்கம் ஒரு தோட்டத்தில். கல்யாணம் ஆகி சிம்பாங் ரெங்கம் வந்தவர். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் ஒரு மகள். தினமும் தொழிற்சாலை வேனில் ஒரு மணி நேரம் வந்து, ஒரு மணி நேரம் திரும்பிப் போவார். என்னை "புள்ள" என்றுதான் கூப்பிடுவார். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவோம். அவர் கொண்டுவரும் சம்பலில் எனக்கும் ஒரு பங்கு இருக்கும்.

சுருதி சேர்க்கும் பகுதியில் ஒரு மலாய்க்காரர் இருந்தார். நல்ல மனிதர். சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு அவர் மூன்று நான்கு விரல் பிடிகள் சொல்லிக்கொடுத்திருந்தார். அதை வைத்துக்கொண்டு அக்கா இரண்டு பழைய பாட்டுக்குக் கம்பி தட்டுவார். மற்ற பெண்கள் சிரிப்பார்கள்.

"அலமாக், இந்த வயசுல கித்தாரா, அக்கா?"

"பதினோரு வருஷமா நானே இதுக்குப் பல்லு வெளக்கி விடறேன். ஒரு நாளாச்சும் அது பேசறத நான் கேக்க வேணாமா?" என்பார்.

அந்தக் கித்தார் ஒரு செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தது. நாளைக்கு நாற்பது ஐம்பது கித்தாரைத் தட்டிப் பார்க்கிறவளுக்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் எப்போதாவது ஒன்று வரும். ஒரே மரம், ஒரே பசை, ஒரே கைகள்தான். என்றாலும் அது மட்டும் வேறு மாதிரி ஒலிக்கும். அப்படி ஒன்று. தடித்த கம்பியைத் தட்டினால் அதிர்வு மேசைக்கு இறங்கி என் முழங்கையில் தெரிந்தது. இரண்டு முறை தட்டினேன். பிறகு விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். மெருகுக்கு அடியில், மேல்பலகையில், ஒரு கொசு. முழுக் கொசு. மெருகு ஈரமாக இருந்தபோது வந்து உட்கார்ந்து, அதிலேயே அடங்கிவிட்டது. கால்கூட எண்ணலாம்.

சிவப்புத் தாளை ஒட்டினேன்.

மத்தியானம் அக்கா என் மேசைப் பக்கம் வந்தார். ஒதுக்கிய தள்ளுவண்டியில் அதைப் பார்த்துவிட்டார். கழுத்தைத் தடவியவுடன் தன் கை பட்டது என்று தெரிந்துவிடும் அவருக்கு.

"இதையா தள்ளிட்ட? நேத்து இத ராவும்போதே நெனச்சேன் புள்ள, சும்மா வெரல் பட்டாலே ஊம்ம்னு ஊங்குது. என்ன கொற?"

கொசுவைக் காட்டினேன்.

"ஒரு கொசுவுக்காகவா?"

"நான் என்னக்கா பண்ணறது? பாஸ் பண்ணி அனுப்பினா அங்க தொறந்து பாக்கறவன் என் பேரத்தான் சொல்லுவான்."

அக்கா கம்பியை ஒரு முறை மெதுவாகத் தட்டிக் கேட்டார்.

"சரி. அறு. அறுத்துட்டு எனக்குக் குடு."

"அறுத்தத வெச்சு என்ன பண்ணுவீங்க?"

"ஒட்டுவேன் லா. நாமதான ஒட்டினோம் மொதல்ல?"

தொழிற்சாலையில் துண்டு மரங்களை விறகுக்கு எடுத்துப்போக அனுமதி உண்டு. மேற்பார்வையாளரிடம் ஒரு சீட்டு வாங்கினால் போதும், சாக்கில் கட்டிக்கொண்டு போகலாம். அறுத்த கித்தார்களை மட்டும் எடுக்கக் கூடாது. அவை தனித் தொட்டியில் சேர்ந்து, தூளாக்கும் லோரியில் போகும். அந்த வியாழக்கிழமை நான் எண்ணை வாசித்தேன், ரம்பக்காரர் அறுத்தார், குறியிட்டேன். பிறகு அந்த இரண்டு பாதிகளையும் தொட்டியில் போடாமல் துண்டு மரக் குவியலுக்குப் பின்னால் வைத்தேன். நான்தான் வைத்தேன். இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அக்கா கேட்டார், அவ்வளவுதான். கழுத்தோடு உள்ள மேல்பாதி அந்த வாரம் அவர் சாக்கில் போனது. கீழ்ப்பாதி அடுத்த வாரம் போனது. வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா சீட்டைப் பார்த்தார், சாக்கைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து மாதம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் லார்க்கினில் பஸ் ஏறி சிம்பாங் ரெங்கம் போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக நான் எந்த வேலைக்கும் போனதில்லை. அக்கா காலையிலேயே பாசாருக்குப் போய் மீன் வாங்கி வைத்திருப்பார். சமையல் முடியும்வரை மேசையில் மீன், முடிந்தபின் அதே மேசையைத் துடைத்துவிட்டு அதில் கித்தார்.

ஒட்டுவது நாங்கள் நினைத்தது போல் சுலபமாக இல்லை. ரம்பத்தின் பல் மரத்தில் இரண்டு மில்லிமீட்டரைத் தூளாக்கிவிட்டிருந்தது. இரண்டு பாதியையும் அப்படியே சேர்த்தால் கித்தார் அந்த அளவு குட்டையாகிவிடும். கம்பியின் நீளம் குறைந்தால் எந்த ஃபிரெட்டில் அழுத்தினாலும் சுருதி தள்ளி நிற்கும். நடுவே அதே கனத்தில் ஒரு பட்டை மரம் வேண்டும். அக்கா வீடு முழுக்கத் தேடி, கடைசியில் மகளின் பழைய மர அடிக்கோலைக் கொண்டுவந்தார். அதை நீளவாக்கில் கீறி, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து இரண்டு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். அது ஒரு ஞாயிறு முழுக்கப் போனது.

உள்ளே பலகையைத் தாங்கும் சட்டங்களும் அறுபட்டிருந்தன. அவற்றுக்குச் சின்னச் சின்னக் கட்டைகளை ஒரு பாதியில் மட்டும் முதலில் ஒட்டி, நாக்கு மாதிரி வெளியே நீட்டவிட்டு, பிறகு மறு பாதியை அதன்மேல் செருகினோம். இறுக்கிப் பிடிக்கக் கருவி எங்களிடம் இல்லை. அக்காவின் கணவர் பழைய லோரி டியூப் ஒன்றை ரிப்பன் மாதிரி வெட்டிக் கொடுத்தார். அதை இழுத்து இழுத்து உடம்பு முழுக்கச் சுற்றினோம். பார்க்கக் கட்டுப்போட்ட நோயாளி மாதிரி இருந்தது. மறுவாரம் பிரித்துப் பார்த்தால் கழுத்து ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டி, பசையை இளக்கி, பிரித்து, சுரண்டி, மறுபடியும் ஒட்டினோம்.

"பொறும புள்ள. கம்பெனியில நமக்கு நாலு நிமிஷம் குடுத்தான். இங்க யாரு கேக்கறா?" என்றார் அக்கா.

கழுத்தின் தலையில் இருந்த கம்பெனி முத்திரையைச் சுரண்டிவிடலாம் என்று ஒரு முறை சொன்னேன். அக்காவுக்கு மனம் வரவில்லை. "இருக்கட்டும், அழகா இருக்கு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

கம்பி மாட்டிய ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் சத்தத்தைக் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பழைய சத்தம் இல்லை. அந்த ஊங்காரம் போய்விட்டது. சளி பிடித்தவர் பேசுவது போல் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் சுருதி நின்றது. எல்லா ஃபிரெட்டிலும் நின்றது. அக்கா நாற்காலியில் நேராக உட்கார்ந்து தனக்குத் தெரிந்த இரண்டு பாட்டையும் வாசித்தார். கணவர் வாசல் கதவில் சாய்ந்துகொண்டு, "பரவால்லையே" என்றார். நான் கைப்பேசியில் வீடியோ படம் பிடித்தேன். அக்கா வாசித்துக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் படத்தை நான்கைந்து முறை பார்த்தேன். எங்கள் பகுதிப் பெண்கள் ஆறு பேருக்கு ஒரு புலனக் குழு, வாட்ஸ்அப் குழு, இருந்தது. அதில் அதைப் போட்டேன். "இது யார் செஞ்சதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்று கீழே எழுதினேன். அக்காவைப் பற்றிய பெருமை என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் என்னைப் பற்றிய பெருமைதான் அதில் அதிகம். அரை மணி நேரத்தில் ஒருத்தி, "முத்திர தெரியுது, பாத்து" என்று எழுதினாள். உடனே அழித்தேன். அதற்குள் யாரோ யாருக்கோ அனுப்பிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் அனுப்பியிருக்க மாட்டார்கள். என்னைப் போலத்தான், பெருமையில்.

செவ்வாய்க்கிழமை காலை அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் உற்பத்தி மேலாளர், இன்னொருவர் ஆள்சேர்ப்புப் பகுதியின் பெண் அதிகாரி. மேலாளர் தன் கைப்பேசியில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார். அக்கா சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் அது நின்றிருந்தது. யார் படம் பிடித்தது என்று கேட்டதற்குத் தன் மகள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அது அவர்கள் வாயிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

அறுத்த துண்டுகள் வெளியே போனது உனக்குத் தெரியுமா என்று மலாயில் கேட்டார்கள்.

தெரியாது என்றேன்.

இப்படி ஒன்றை அவர் வீட்டில் வைத்திருந்தது தெரியுமா?

தெரியாது.

மேலாளர் எழுதிக்கொண்டார். போகலாம் என்றார். அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் உளறியிருப்பேன். அவர்கள் கேட்கவில்லை. அப்போது என் அம்மா நோயில் இருந்தார், வீட்டில் என் ஒருத்தியின் சம்பளம்தான். இதைப் பல வருடம் எனக்கு நானே காரணமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், அந்த அறையில் அம்மா என் நினைவுக்கு வரவே இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

வெளியே வந்தபோது நடைபாதை நாற்காலியில் அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"பசியாறிட்டியா புள்ள?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நிற்கவில்லை.

மறுநாள் அவர் கணவர் லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு, கித்தாரைப் பூப்போட்ட பாத்தேக் கைலியில் சுற்றிக் கொண்டுவந்து ஜாகாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாள் வியாழக்கிழமை. தள்ளுவண்டியில் மற்றவற்றோடு அதுவும் இருந்தது. இம்முறை நான்காக அறுக்கச் சொல்லியிருந்தார்கள். ரம்பக்காரர் நேப்பாளத்துக்காரர், அவருக்கு எந்தக் கதையும் தெரியாது. கையில் எடுத்தவர் அடிக்கோல் பட்டையைக் கவனித்துவிட்டார். கட்டைவிரலால் தடவிப் பார்த்து, என்னைப் பார்த்து, "பாகுஸ்" என்றார். நல்ல வேலை என்று அர்த்தம். பிறகு அறுத்தார். நான்காக விழுந்த பிறகு பார்த்தேன். நாங்கள் ஒட்டிய இடம் பிரியவே இல்லை. ரம்பம் அதற்குப் பக்கத்தில்தான் போயிருந்தது. உள்பக்கத்தில் அடிக்கோலின் சென்டிமீட்டர் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. நான் எண்ணை எழுதி, அதற்கு நேரே குறியிட்டேன்.

அக்காவின் வேலை போய்விட்டது. புலனக் குழுவில் ஒருத்தியும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்த ஞாயிறு போகலாம் என்றுதான் இருந்தேன். காலையில் குளித்து உடை மாற்றிக்கொண்டேன். பதினொரு மணிக்கு அக்கா கூப்பிட்டார். கைப்பேசி அடித்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் நேரிலேயே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. தள்ளிப்போடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வாரம் தாமதமானால் மன்னிப்புக் கேட்டால் போதும். மூன்று மாதம் தாமதமானால் மன்னிப்பு மட்டும் போதாது என்று தோன்றும். ஒரு வருடம் ஆனபின் எந்த முகத்தோடு போவது என்று ஆகிவிடும்.

இரண்டு வருடம் கழித்து நானே வேலையை விட்டேன். அம்மா போய்விட்டார். தம்போயில் மாடி அறையைப் பிடித்து, பள்ளிக்கூடக் கித்தார்களில் தொடங்கினேன். ஆரம்பத்தில் வந்தவை எல்லாம் கழுத்து உடைந்தவை, பலகை விரிந்தவை. ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது, இதை அக்கா என்றால் எப்படி அணுகுவார் என்று ஒரு நொடி யோசிப்பேன். டியூபை ரிப்பனாக வெட்டி இறுக்குவதை இன்றும் விடவில்லை. நல்ல கருவிகள் எல்லாம் வாங்கிவிட்டேன், ஆனாலும் வளைவுள்ள இடத்துக்கு டியூப்தான் சரி. தேவாலயத்தில் கித்தார் வாசிக்கும் பையன்கள் என் பெயரைப் பரப்பினார்கள். ஓர் இசை ஆசிரியை தன் வீணையைக் கொண்டுவந்தார், பிறகு தன் மாணவிகளை அனுப்பினார்.

அக்காவின் வேலை போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. குளுவாங்கில் ஒருவருக்கு வீணையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. பின்சீட்டில் வீணையோடு ஒரு கித்தாரும் இருந்தது. எட்டு மாதமாக நான் செய்தது. யாருக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளாமல் செய்துகொண்டிருந்தேன். வீணையைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது சிம்பாங் ரெங்கம் பிரிவில் காடியைத் திருப்பினேன்.

வீடு மாறவில்லை. வாசலில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கட்டும் வாழை இலை கட்டுக் கட்டாக இருந்தது. அக்காதான் வெளியே வந்தார். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க."

வாங்க என்றார். நிக்காதீங்க என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

பால் சேர்க்காத தே ஓ போட்டுக் கொடுத்தார். மகள் பாலித்தெக்னிக்கில் படிக்கிறாளாம். கணவருக்கு முதுகுவலி, லோரியை விட்டுவிட்டாராம். தான் விடியற்காலையில் நாசி லெமாக் கட்டி மூன்று கடைகளுக்குப் போடுகிறாராம். எல்லாம் சொன்னார், வீட்டுக்கு வந்தவரிடம் சொல்வது போல. நான் குடித்து முடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். படத்தைக் குழுவில் போட்டது நான் என்றேன். அலுவலகத்தில் தெரியாது என்று சொன்னதைச் சொன்னேன்.

"தெரியுமே" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"அன்னிக்கே. அவங்க படத்த காட்டினப்பவே. அதுல நான் யாரப் பாத்து சிரிக்கிறேன்? உங்களத்தான பாத்து சிரிச்சேன்." குரலில் கோபம் இல்லை. "வேல போனதுக்கு ரெண்டு நாள் அழுதேன், சரியாப் போச்சு. நீங்க தெரியாதுன்னு சொன்னதும் சரிதான். ரெண்டு பேரு வேலையும் போயி என்ன ஆவப்போவுது? அப்படித்தான் சொல்லணும்னு நானே நெனச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"ஆனா அந்த ஞாயித்துக்கெழம நீங்க வருவீங்கன்னு மீன் வாங்கி வெச்சேன். அடுத்த ஞாயிறும் வாங்கினேன். அதுக்கப்புறம் வாங்கல."

நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி, சரி, அழாதீங்க" என்றார். அழுதவள் நான்தான், ஆறுதல் சொன்னது அவர்.

எழுந்துபோய்க் காடியிலிருந்து கித்தாரைக் கொண்டுவந்தேன். நானே செய்தது, உங்களுக்காக, என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மடியில் வைக்கவில்லை, மேசையில் படுக்க வைத்தார். கட்டைவிரலைக் கழுத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழ் ஓட்டினார். ஓர் இடத்தில் நின்று, திரும்ப மேலே போய் மறுபடி ஓட்டினார்.

"பன்னெண்டாவது லேசா குத்துது" என்றார். "மத்தபடி நல்ல வேல. கழுத்து நேரா நிக்குது."

கம்பியைத் தட்டவே இல்லை. உறையில் போட்டு ஜிப்பை இழுத்து, என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போங்க. யாராச்சும் வாசிக்கறவங்களுக்குக் குடுங்க. எனக்கு இப்ப அதுல மனசு இல்ல."

"சும்மா வீட்டுல இருக்கட்டுமே, அக்கா."

"வேணாம்மா. இருந்தா நெனப்பு வரும்."

புறப்படும்போது மரவள்ளிக்கிழங்கு நான்கைந்து பிடுங்கிப் பையில் போட்டுக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் அப்படித்தான் கொடுத்திருப்பார். நான் காடியை எடுக்கும்வரை வேலிக் கதவருகே நின்றார்.

பன்னிரண்டாவது ஃபிரெட்டைக் கடைக்கு வந்ததும் ராவினேன். உண்மையில் குத்தியது. எட்டு மாதத்தில் எனக்குத் தெரியாமல் போன ஒன்று. அந்தக் கித்தாரைப் பிறகு சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு பெண் வாங்கிப்போனாள்.

இது நடந்து ஐந்தாறு மாதம் கழித்து சிம்பாங் ரெங்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் மூன்று பள்ளிக் கித்தார்களோடு மாடியேறி வந்தார். எப்படி என்னைத் தெரியும் என்று கேட்டேன். தங்கள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்கு நாசி லெமாக் போடுகிற அக்கா, தம்போயில் ஒரு பெண் இருக்கிறார், வேலை சுத்தமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பியதாகச் சொன்னார்.

அவர் போனதும் அக்காவைக் கூப்பிட்டேன். நான்கரை வருடத்துக்கு முன் நான் எடுக்காமல் விட்ட அதே எண். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். ஆளை அனுப்பியதற்கு நன்றி சொன்னேன்.

"வாத்தியாரு பாவம், எங்கெங்கயோ கேட்டாரு. தெரிஞ்சவங்க நீங்கதான், அதான் சொன்னேன்" என்றார். பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது.

"ஞாயித்துக்கெழம ஒரு நாள் வரட்டுமா, அக்கா?"

பின்னால் கரண்டிச் சத்தம் நின்றது.

"இப்ப ஞாயித்துக்கெழமயெல்லாம் ஓய்வு இல்லம்மா. ஆர்டர் இருக்கும். பள்ளிக்கூடத்து சாமான், புள்ளைங்க வாசிக்கறது, நல்லா செஞ்சு குடுங்க." வைத்துவிட்டார்.

மூன்றையும் செய்து கொடுத்தேன். ஒன்றில் கழுத்து முறிந்திருந்தது, மற்ற இரண்டில் கம்பியைத் தாங்கும் பாலம் பெயர்ந்திருந்தது. ஒரு வாரம் ஆனது. ஆசிரியர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அக்கா அதற்குப் பிறகும் இரண்டு மூன்று பேரை அனுப்பியிருக்கிறார். நான் கூப்பிட்டு நன்றி சொல்வதை நிறுத்திவிட்டேன். அவருக்கு அது தொந்தரவாக இருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது.